பட்டம் இல்லாத மேதை

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவன். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் போதும், டிப்ளமோ தானா என்று ஒரு கேள்வி வரும். அப்புறம் சாப்பாடே இறங்காது. அதே கேள்வியை வாங்கிக் கட்டிக்கொண்ட நண்பர்களுக்காக யாகோவ் ஸெல்டோவிச்சைப் பற்றி எழுதுகிறேன்.

1914-ல் மின்ஸ்க் நகரில் பிறந்தவர். 1931-ல், 17 வயதில், லெனின்கிராடு வேதி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சாதாரண உதவியாளராகச் சேர்ந்தார். காலேஜ் பட்டம் கிடையாது. வேலை பார்த்துக்கொண்டே தானாகப் படித்தார். 1939-ல் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார்! எஞ்சின் புகையில் நைட்ரிக் ஆக்ஸைடு எப்படி உண்டாகிறது என்று நாம் படிக்கிறோமே, அந்த வினைத்தொடருக்கு இவர் பெயர்தான். சோவியத் அணுகுண்டிலும் இவர் பங்கு பெரியது. அதை நினைத்தால் மட்டும் எனக்கு மனசு கனக்கிறது.

ஐம்பது வயதை ஒட்டி வானியலுக்கு வந்தார். மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயசு அது! பெரிய நட்சத்திரம் செத்தால் கருந்துளை ஆகும் என்பது நமக்குத் தெரியும். நட்சத்திரமே பிறக்காத காலத்தில்? 1966-ல் இவரும் இகோர் நோவிகோவும் யோசித்தார்கள். பிரபஞ்சம் பிறந்த புதிதில் எங்கும் பயங்கர அடர்த்தி. ஓரிடத்தில் அது சராசரியைவிட நன்றாகக் கூடிவிட்டால், விரிவை ஈர்ப்பு ஜெயித்துவிடும். அந்த இடம் அப்படியே சுருங்கிக் கருந்துளையாகும். ஒரு விநாடியில் உருவானால் ஏறக்குறைய லட்சம் சூரியன் எடை. அதற்கு வெகு முன்னால் என்றால் மலையளவு எடை, உருவமோ புரோட்டான் அளவு!

ஆனால் இவர்கள் கணக்கே இவர்களுக்கு எதிராக நின்றது. அந்தத் துளைகள் சுற்றியுள்ள கதிர்வீச்சை விழுங்கி ராட்சதமாகிவிடும் என்று கணக்கு சொன்னது. அப்படி ராட்சதம் எதையும் வானத்தில் காணோம். ஆகவே ஆதிக் கருந்துளை இருக்க வாய்ப்பில்லை என்றே பட்டது. 1974-ல் கார், ஹாக்கிங் இருவரும் அந்தளவு வளராது என்று காட்டிய பிறகுதான் இவர் யோசனைக்கு மறுபடி உயிர் வந்தது. 1973-ல் மாஸ்கோ வந்த ஹாக்கிங், இவரோடு பேசிய பேச்சிலிருந்துதான் கருந்துளைக் கதிர்வீச்சுக் கணக்கில் இறங்கினார்.

1987-ல் ஸெல்டோவிச் காலமானார். ஆதிக் கருந்துளை ஒன்றுகூட இன்னும் உறுதியாகவில்லை. தேடல் நிற்கவுமில்லை.

நண்பர்களே, அடுத்த கல்யாணத்தில் அதே கேள்வி வரட்டும். ஆமாம், டிப்ளமோதான் என்று சொல்லிவிட்டு, நான் இன்னொரு தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிடப் போகிறேன்.