அலைமேல் குரல் ஏற்றிய அறிஞர்

ரெஜினால்டு ஃபெசண்டன் 1866ஆம் ஆண்டு கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தில் பிறந்தார். தந்தையார் சமயகுரு. கணக்கில் வல்லவரான ஃபெசண்டன், எடிசனின் ஆய்வுக்கூடத்தில் தொழில் பயின்று, பின்னர்க் கல்லூரிப் பேராசிரியரும் ஆனார்.

அந்நாளில் கம்பியில்லாத் தந்தி மின்பொறியைக் கொண்டே இயங்கிற்று. பொறியில் எழும் அலை, கல்லெறிந்த குளத்து அலைபோல் எழுந்தவுடன் தேய்ந்து மறையும். புள்ளியும் கோடுமாகிய தந்திக் குறிகளுக்கு அது போதும். இடையறாது ஏறி இறங்கும் மனிதக் குரலுக்குப் போதாது. ஓய்வின்றி ஒரே சீராய் ஓடும் அலையே வேண்டும் என்று ஃபெசண்டன் கருதினார். அவ்வலையின் மீது குரலை ஏற்றினால், குரல் ஓங்கும்போது அலையின் வீச்சு உயரும், தணியும்போது தாழும். நொடிக்கு எத்தனை அலைகள் என்னும் கணக்கு மட்டும் மாறாது. கேட்குமிடத்தில் அவ்வேற்ற இறக்கத்தைப் பிரித்தெடுத்தால் குரல் மீண்டும் ஒலிக்கும். இதனை வீச்சுப் பண்பேற்றம் என்பர்.

எண்ணுவது எளிது, அத்தகைய அலையை உண்டாக்கும் பொறி அன்று இல்லை. ஆதலின் அவர் மிக விரைவாக அடுத்தடுத்து எழும் மின்பொறிகளைக் கொண்டே முதலில் முயன்றார். 1900 டிசம்பர் 23 அன்று, பொடோமாக் ஆற்றிலுள்ள காப் தீவில், ஒரு மைல் தொலைவிலிருந்த உதவியாளர் தீசனிடம் அங்கே பனி பெய்கிறதா என வினவினார். ஆம் என்று தந்தியில் விடை வந்தது! ஆயினும் பேச்சோடு பொறியின் இரைச்சலும் கலந்தே கேட்டது.

இரைச்சல் நீங்க ஆறாண்டுகள் ஆயின. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துப் பொறியாளர் அலெக்சாண்டர்சன், நொடிக்குப் பல பதினாயிரம் முறை திசைமாறும் மின்னோட்டத்தைத் தரும் மின்னாக்கியை அமைத்துத் தந்தார். ஃபெசண்டன் வான்கம்பியின் மின்னோட்டத்திலேயே ஒலிவாங்கியை இணைத்தார். 1906 டிசம்பர் 21 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிராண்ட் ராக்கிலிருந்து 11 மைல் அப்பாலுள்ள பிளிமத்துக்குப் பேச்சு தெளிவாகச் சென்றது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் முன்னிரவில் கப்பல்களுக்கு வயலின் இசைத்ததாகவும் அவர் 1932இல் எழுதினார்; அக்காலச் சான்று கிட்டாமையால் வரலாற்றாசிரியர் சிலர் இதனை ஐயுறுகின்றனர். பிளிமத்துச் சோதனைக்கோ சான்று உண்டு.

வெற்றி அவருக்குச் செல்வம் தரவில்லை. முதலீடு செய்த கூட்டாளிகளோடு பிணங்கி, 1911இல் தம் நிறுவனத்தினின்றே நீக்கப்பட்டார். வழக்கு நீண்டு, 1928இல்தான் ஐந்து இலட்சம் டாலர் பெற்று முடிவுற்றது. இடையில் அவர் வாளாவிருக்கவில்லை. டைட்டானிக் கப்பல் மூழ்கி ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழித்து, 1914இல், நீருக்குள் ஒலியனுப்பி அதன் எதிரொலியால் பனிப்பாறையை அறியும் கருவியைக் கடலிலேயே சோதித்துக் காட்டினார்.

1932 ஜூலை 22 அன்று பெர்முடாத் தீவில் அவர் காலமானார். அதற்குள் பல நாடுகளின் வானொலி நிலையங்கள் அவர் கண்ட முறையிலேயே பேசத் தொடங்கியிருந்தன.