சித்தப்பாவுக்கு ஒரு கிட்னி

ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ல போயிருக்கீங்களா? இடதுபக்க ஜன்னல் சீட் கிடைச்சா, வழிநெடுக மலை கூடவே வரும். அந்த மலைக்கு அந்தப் பக்கம் வருசநாடு, ஆண்டிபட்டி தொகுதி. 1984 டிசம்பர் 24 அன்று அந்தத் தொகுதி ஜெயிக்க வைத்த வேட்பாளர் ஊரிலேயே இல்லை. அமெரிக்காவில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். ஐந்து நாள் முன்னாடிதான் அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது.

எம்.ஜி.ஆர். கதையில் இந்தத் தேர்தலைத்தான் எல்லோரும் பேசுவாங்க. நாம பேசப்போறது அந்தக் கிட்னியைப் பற்றி.

உடம்பு உடைந்து எழுந்து வருவது அவருக்குப் புதுசு இல்லை. 1959-ல் சீர்காழியில் ‘இன்பக்கனவு’ நாடகம். ஆஜானுபாகுவான குண்டுமணியைத் தூக்கும் காட்சியில் கால் முறிந்தது. 1967 ஜனவரி 12-ல் ராமாவரம் வீட்டில் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு கழுத்தில் பாய்ந்தது. பிழைத்தார், குரல் மாறிப்போனது. நடிகருக்குக் குரல் போனால் மிச்சம் என்ன? ஆனா அவர் வேறு ஆளை வைத்துப் பேச வைக்கவில்லை. மாறிப்போன அதே குரலோடுதான் ‘காவல்காரன்’ படத்தில் வந்தார். ஜனங்க ஏத்துக்கிட்டாங்க.

1984 வேற மாதிரி. வயது 67. அக்டோபர் 5-ல் சென்னை அப்போலோவில் சேர்ந்தார். சிறுநீரகம் செயலிழந்திருந்தது. படுக்கையில் இருக்கும்போதே பக்கவாதமும் வந்து பேச்சைப் பாதித்தது. நவம்பர் 5-ல் தனி விமானத்தில் நியூயார்க். புரூக்ளின் டவுன்ஸ்டேட் மருத்துவமனை. கூடவே மனைவி ஜானகி.

ரத்த உறவு கொடுத்தால் உடம்பு ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். எம்.ஜி.ஆருக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் சக்ரபாணி வீடுதான் ரத்த உறவு. இந்த அண்ணன் தம்பி கதை பெரிசு. அப்பா சீக்கிரமே போய்விட, அம்மா சத்தியபாமா இரண்டு பையன்களையும் நாடகக் கம்பெனியில் சேர்த்தார். காரணம் கலை ஆர்வம் எல்லாம் இல்லைங்க, சோறு. பிற்பாடு சினிமாக்காரர்கள் அண்ணனைப் ‘பெரியவர்’ என்றும் தம்பியைச் ‘சின்னவர்’ என்றும் சொல்வது வழக்கமானது. பசியைப் பங்கு போட்டு வளர்ந்த அந்தப் பெரியவரின் மகள்தான் லீலாவதி. சித்தப்பாவுக்குச் சிறுநீரகம் தந்தவர்.

எனக்கு இந்தக் கதையில் பெரிய தைரியசாலி அவர்தான். எம்.ஜி.ஆருக்கு வேற வழி இல்லை. லீலாவதிக்கு இருந்தது. முடியாதுன்னு சொல்லியிருக்கலாம், எந்த நோயும் இல்லாம வீட்டுலயே இருந்திருக்கலாம். இன்னைக்கு மாதிரி சின்னத் துளை போட்டுக் கிட்னியை எடுக்கும் முறை அப்போ கிடையாது. அது வந்தது 1995-ல். அன்று விலாப்பக்கம் நீளமாகக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். கொடுக்கிறவருக்கும் அது மேஜர் ஆபரேஷன். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. உறுப்பு மாற்றுக்கு இந்தியாவில் சட்டம் வந்ததோ 1994-ல். அதாவது, முன்னாடி போய் வந்தவங்க அனுபவத்தைக் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னாகூட அப்படி ஆட்கள் ரொம்பக் கம்மி.

டிசம்பர் 19-ல் ஆபரேஷன் நடந்தது. இங்கே தெருவெல்லாம் பிரசாரம், கோயிலெல்லாம் வேண்டுதல். மேடை ஏறினாலே கூட்டத்தைத் தன் ரத்தம் என்று கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்குபவர் அவர். அந்த டிசம்பரில் அவரைக் காப்பாற்றியது சொந்த ரத்தம். போஸ்டர்களில் இருந்ததோ அவர் முகம் மட்டும்.

1985 பிப்ரவரி 4-ல் ஊர் திரும்பினார். 10-ம் தேதி மீண்டும் முதல்வர். பேச்சு பழையபடி வரவில்லை. ஆனாலும் அண்ணன் மகள் கொடுத்த சிறுநீரகத்தோடு சரியாக மூன்று வருஷமும் ஐந்து நாளும் இருந்தார். 1986-ல் பெரியவர் போனார். 1987 டிசம்பர் 24-ல் சின்னவர்.

லீலாவதி ஒற்றைச் சிறுநீரகத்தோடு 2021 வரைக்கும் வாழ்ந்தார்.