மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரும் மரப்பதிப்புக் கலையும்

கலைகள் தாமே வளர்வன அல்ல. கற்பிப்பாரும், கற்பாரும், கற்றோர்க்கு வேலை தந்து புரப்பாரும் ஆகிய முத்திறத்தாரும் ஒருங்கு கூடியவிடத்தே அவை தழைக்கும். இவருள் ஒரு திறத்தார் குறையினும் வாடும். ஐந்தொழிலையும் குலச்செல்வமாகக் கொண்ட விசுவகர்ம மரபினராகிய நமக்கு இவ்வுண்மையைப் பிறர் எடுத்துரைத்தல் வேண்டா. ஆயினும், ஒரு நாட்டின் அரசர் இதனை நன்குணர்ந்து தம் வாழ்நாளில் நடத்திக் காட்டிய வரலாற்றை அறிதல் இன்பமும் பயனும் ஒருங்கே தருவதாகும். ஆதலின், மைசூர் நாட்டை ஆண்ட நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் சரித்திரத்தை, ஈட்டி மரத்தில் தெய்வ உருவங்களைப் பதிக்கும் கலைக்கு அவர் புரிந்த உதவியை முதன்மையாகக் கொண்டு, ஈண்டு எழுதப் புகுந்தோம்.

பிறப்பும் இளமையும்

மைசூர் அரசு ஐம்பது ஆண்டுகள் ஆங்கிலேயர் நேராட்சியில் இருந்து, 1881-ஆம் ஆண்டில் உடையார் குலத்திற்கு மீண்டது. அவ்வரசை அன்று ஏற்றவர் சாமராஜேந்திர உடையார். அவர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் தத்துப்புதல்வர். அவருக்கும் கெம்பநஞ்சம்மணி அம்மையாருக்கும் மூத்த குமாரராக நம் சரித்திரத் தலைவர் 1884-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4-ஆம் நாள் மைசூரில் தோன்றினார்.

குமாரருக்குப் பத்து வயது நிரம்பிய சில திங்களில் பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. கல்கத்தா நகருக்குச் சென்றிருந்த தந்தையார், 1894-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், தொண்டை அடைப்பான் நோயால் அங்கேயே உயிர் நீத்தார். மறுவருடம் சிறுவர் அரசராக முடி சூட்டப்பெற்றார். அவர் பருவம் எய்துங்காறும் அன்னையாரே அரசியல் பொறுப்பை ஏற்று நடத்தினார். கைம்மையின் துயரத்தினிடையே மகவையும் நாட்டையும் ஒருங்கே காத்த அவ்வம்மையாரின் திண்மை நம் பெண்மக்கள் யாவரும் அறியத்தக்கது. 1902-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 8-ஆம் நாள், ஜகன்மோகன அரண்மனையில் நிகழ்ந்த விழாவில், கர்ஸன் பிரபு இளவரசரிடம் முழு அதிகாரத்தையும் ஒப்புவித்தார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு.

தீயும் புதுமனையும்

இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே, 1897-ஆம் ஆண்டில், மன்னர் பன்னிரண்டு வயதுச் சிறுவராயிருந்த காலத்து, மூத்த சகோதரியாரின் திருமண விழாவினிடையே அரண்மனை தீப்பற்றிக்கொண்டது. அப்பழைய மாளிகை பெரும்பாலும் மரத்தால் இயன்றது. தூணும் உத்தரமும் கதவும் விதானமுமாகத் தச்சர் பலர் கைவருந்திச் செய்தவை யாவும் சாம்பராயின. கல்லில் செய்தது காலத்தை வெல்லும். மரத்தில் செய்ததோ, தீயும் நீரும் செல்லும் அஞ்சத்தக்கது. மரத்தொழில் வல்லார்க்கு இஃது என்றும் உள்ள துயர். ஒரு பொருள் அழியின் அதனைப் போன்ற மற்றொன்றைச் செய்யவல்ல கைகள் நாட்டில் உளவாயினன்றி அத்தொழில் மீளாது.

அன்னையார் காலந்தாழ்த்தாமல் அவ்வாண்டிலேயே புதிய அரண்மனைக்கு அடிகோலினார். ஹென்றி இர்வின் என்னும் ஆங்கிலச் சிற்பநூலார் அதற்குத் திட்டம் வகுத்தார். சென்னை உயர்நீதிமன்றக் கட்டடப் பணியிலும் ஈடுபட்டவர் அவர். கல்லும் செங்கல்லும் இரும்பும் கொண்டு எழுப்பப்பெற்ற புதுமாளிகை 1912-ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. அதற்கான செலவு ரூபாய் 41,47,913 ஆகும்.

தீயை அஞ்சிக் கல்லால் எடுத்த அம்மாளிகையிலும் மரத்தொழிலுக்கு உரிய இடம் மறுக்கப்படவில்லை. மன்னர் அணுக்கரைக் காணும் அம்பாவிலாச மண்டபத்திற்குச் செல்வோர், தந்தம் பதித்த ஈட்டி மரத்து வாயிலைக் கண்ணுறுவர். அவ்வாயில் விநாயகப் பெருமான் சந்நிதியை நோக்கித் திறக்கும். உடையார்களின் புகழ்பெற்ற சிங்காதனமும் அத்தி மரத்தாலாகித் தந்தத் தகடு போர்த்தப்பெற்றதே; பொன்னும் வெள்ளியும் மணியும் அதனை அழகுசெய்வன. காண்பார் பொன்னையே காண்பர். உள்ளே தாங்கி நிற்பது தச்சன் கைப்பட்ட மரமே என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

மரப்பதிப்பு வேலையின் இயல்பு

மைசூரில் இக்கலை இம்மன்னர் காலத்துக்கு முன்னரே விளங்கியது. சீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் துயிலும் சமாதி மண்டபத்துக்கு டல்ஹௌஸி பிரபு அளித்த கருங்காலிக் கதவுகள், தந்தம் பதிக்கப்பெற்றவையாய் இன்றும் காணப்படுகின்றன.

இனி, வேலை நடைபெறும் முறையை ஒருவாறு கூறுவோம். கருமையும் செம்மையும் விரவிய ஈட்டிப் பலகையை முதற்கண் நன்கு உலர்த்தி இழைத்துக்கொள்வர். கீதோபதேசம், குழலூதும் கண்ணன், ஆனைமுகக் கடவுள், சாமுண்டேசுவரி, தசராத் திருவுலா முதலியவற்றுள் ஒன்றைத் தாளில் வரைவர். பின்னர் அவ்வுருவை உறுப்பு உறுப்பாகப் பிரிப்பர். கண்ணன் திருமேனிக்கு ஒரு துண்டு, ஆடைக்கு ஒரு துண்டு, குழலுக்கு ஒரு துண்டு, அருகில் நிற்கும் ஆவிற்கு ஒரு துண்டு என, நூல்போன்ற மெல்லிய வாளால் தந்தத்தையோ வேற்று நிற மரத்தையோ அறுத்தெடுப்பர். அத்துண்டுகளைப் பலகைமேல் வைத்து விளிம்பைக் கீறிக்கொண்டு, கீறிய அளவே உளியால் பள்ளம் எடுத்து, வச்சிரம் தடவிப் பதிப்பர். உலர்ந்தபின் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குவர். கண், விரல், ஆடையின் மடிப்பு ஆகிய நுண்கோடுகளைக் கீறிக் கருமை ஊட்டி, இறுதியில் மெருகேற்றுவர்.

இவ்வேலையின் அருமை யாதெனின், பள்ளமும் துண்டும் மயிரிழையும் வேறுபடாது பொருந்துதலேயாம். பள்ளம் சற்று அகன்றால் இடைவெளி தோன்றும். குறுகினால் துண்டு பிளக்கும். ஓவியன் தன் பிழையை வண்ணத்தால் மறைத்தல் கூடும். பதிப்பு வேலை செய்வானுக்கு அவ்வுதவி இல்லை. நிறங்களும் தீட்டுவன அல்ல. பலாவின் மஞ்சளும் கருங்காலியின் கருமையும் போல மரங்கள் இயல்பிலே தருவன. எனவே எம்மரம் எந்நிறம் உடைத்து, காற்றுப்பட்டால் எவ்வாறு மாறும் என்னும் அறிவும் அவனுக்கு வேண்டப்படும்.

கலைப்பள்ளி

இத்தகைய தொழில் தந்தையிடம் மகனும், மாமனிடம் மருமகனுமாகக் கற்று வந்ததாகும். குடும்பத்தில் ஆண்மகவு இல்லையாயினும், இருந்தும் வேற்றுத் தொழில் நாடினும், அவ்வீட்டோடு வித்தை முடிந்துபோம். மன்னர் இக்குறையை உணர்ந்தார் என்பதற்கு, தந்தையார் பெயரால் மைசூரில் அவர் நிறுவிய சாமராஜேந்திர தொழிற்கலைப் பள்ளியே சான்று. அதன் அடிக்கல் 1906-ஆம் ஆண்டில், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராகிய வேல்ஸ் இளவரசரால் நாட்டப்பெற்றது. தச்சுவேலை, மரச்செதுக்கு, பதிப்பு வேலை, ஓவியம் முதலியன அங்கே பயிற்றப்பட்டன. குலத்தால் அத்தொழிலுக்கு உரியாரும், ஆர்வம் ஒன்றையே உரிமையாகக் கொண்டு வந்தாரும் ஒரே கூடத்தில் உளி பிடித்தனர்.

குலவித்தை பெற்றோரை மன்னர் புறக்கணித்தார் என்று எண்ணற்க. சித்திரகாரர் மரபில் பிறந்த வேங்கடப்பா என்னும் இளைஞரின் திறமை கண்டு, அவரைக் கல்கத்தாக் கலைப்பள்ளிக்கு அரசின் உதவியால் அனுப்பிப் பயில்வித்தவர் அவரே. அவ்விளைஞர் அவனீந்திரநாத தாகூரின் மாணாக்கராகிப் பெரும்புகழ் எய்தினார். மரபும் பள்ளியும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதற்கு இவர் வாழ்வே தக்க எடுத்துக்காட்டாம்.

பிற தொண்டுகள்

மன்னரின் ஏனைய செயல்களைச் சுருங்கக் கூறுவோம். சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் 1902-ஆம் ஆண்டில் கோலார்ப் பொற்சுரங்கங்களுக்குச் சென்றது. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916-ஆம் ஆண்டில் தோன்றியது. நம் தமிழ்நாட்டாரும் நன்கறிந்த, காவிரியின் குறுக்கே கட்டிய கிருஷ்ணராஜ சாகரம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. இசைவாணரையும் அவர் பெரிதும் ஆதரித்தார். நம் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அவருடைய ஆஸ்தான வித்துவான்களுள் ஒருவர்.

உத்தியோகங்கள் ஒரு வகுப்பாரிடமே குவிந்திருந்தமை கண்டு, பிற வகுப்பாருக்கும் அவை கிட்டும் வழியை ஆராய, 1918-ஆம் ஆண்டில் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு குழுவை நியமித்தார். திவான் விசுவேசுவரையர் இக்கொள்கைக்கு மனம் ஒவ்வாதவராய்ப் பதவி துறந்தார். அணைக்கட்டுப் பணியில் தமக்கு வலக்கையாய் விளங்கிய பேரறிஞரை இழக்க நேர்ந்தும் மன்னர் தம் கருத்தில் தளர்ந்திலர். கைத்தொழிற் குலத்தாராகிய நாம் இதனை நன்றியோடு நினைத்தல் கடனாகும்.

மறைவு

மன்னர் பழுத்த பக்திமான். 1931-ஆம் ஆண்டில் கைலாய மலைக்கும் மானச ஏரிக்கும் யாத்திரை செய்தார். அவரது ஒழுக்கத்தைக் கண்டு காந்தியடிகள் இராஜரிஷி எனப் போற்றினார். அவருக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. இளவலாகிய நரசிம்மராஜ உடையாரும் 1940-ஆம் ஆண்டில் அவருக்கு முன்னரே காலமானார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 3-ஆம் நாள் மன்னரும் பெங்களூர் அரண்மனையில் இறைவன் திருவடி எய்தினார். தம்பியின் குமாரராகிய ஜயசாமராஜேந்திர உடையார் அரசேற்றார்.

நாம் கொள்ளற்பாலது

தத்துப்பிள்ளையாய் வந்த தந்தையிடமிருந்து அரசைப் பெற்றவர், தம்பியின் மகனுக்கு அதனை விட்டுச் சென்றார். அரசுரிமையே இவ்வாறு நேர்வழி மாறியும் குன்றாது தொடருமாயின், வித்தையின் உரிமை தொடர்தற்கு என்ன தடை?

மைசூரில் இன்று பதிப்பு வேலை செய்வோருள் முஸ்லிம் மக்கள் பலர். கண்ணன் இதழில் குழலையும் கணபதி கையில் மோதகத்தையும் அவர்கள் பொருத்தும் நேர்த்தியைக் கண்டு, அவ்வுருவை வழிபடுவோர் கைகூப்புகின்றனர். யானைகள் அருகியமையால் நம் நாட்டு யானைத் தந்த வாணிகம் 1986-ஆம் ஆண்டிலும், ஆப்பிரிக்கத் தந்த வாணிகம் 1991-ஆம் ஆண்டிலும் சட்டத்தால் தடுக்கப்பட்டன. தந்தம் போயினும் தொழில் போகவில்லை. பலவகை மரங்களே அதன் இடத்தை நிரப்பின. 2005-ஆம் ஆண்டில் மைசூர் ஈட்டி மரப்பதிப்பு வேலை புவிசார் குறியீடும் பெற்றது. மன்னர் நிறுவிய பள்ளியின் வழிவந்த கவின்கலைக் கல்லூரி சாமராஜேந்திரர் பெயரோடு நடைபெற்று வருகின்றது.

நம்மவருள் சிலர் குலவித்தையைப் பிறர்க்குக் கற்பித்தல் தகாது என்பர். வேறு சிலர் தம் பிள்ளைகள் உளி பிடித்தலை இழிவென எண்ணுவர். இவ்விரு கருத்தும் ஒரு வீட்டிலேயே நிலவுதலும் உண்டு. பிள்ளைக்கும் கற்பியாது, பிறர் பிள்ளைக்கும் கற்பியாதார் வீட்டில் உளி துருப்பிடித்தலன்றி வேறென் செய்யும்? ஆசிரியத் தொழில் பூண்ட நாம் ஒன்று அறிவோம்: கற்பிக்குந்தோறும் கல்வி குறைவதில்லை, கற்பிப்பானிடத்தே அது மேலும் தெளிவடைகின்றது.

ஆதலின், கைத்திறம் வாய்ந்த முதியோர் உள்ள ஊர்தோறும், விடுமுறை நாட்களிலேனும், ஆர்வமுள்ள சிறார்க்குத் தொழில் பயிற்றும் ஏற்பாட்டை நம் சங்கத்தார் செய்வாராக. அரசர் பொருள் நம்மிடம் இல்லை. ஆயினும் உளியும் பலகையும் அறிந்த முதியோரும் இன்னும் நம்மிடை உளர். அவர் உள்ளபோதே அது நிகழ்தல் வேண்டும்.