பெத்தானியா இல்லம் கண்ட தந்தை லத்தாஸ்து
(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

பிரான்சு நாட்டின் தென்மேற்குப் பகுதியில், கரோன் ஆற்றின் கரையில், கடியாக் என்றொரு சிற்றூர் உண்டு. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். ஊரில் எப்போதோ ஒரு பிரபு கட்டிய பெரிய மாளிகை. 19-ஆம் நூற்றாண்டில் அந்த மாளிகை பெண்கள் சிறைச்சாலையாக மாறிவிட்டது. 1832-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அவ்வூரில் பிறந்த அல்சீத் வித்தால் லத்தாஸ்து என்னும் சிறுவன், அந்த உயர்ந்த மதிலைப் பார்த்தபடியே வளர்ந்தான். பின்னாளில் அதே மதிலுக்குள்தான் தன் வாழ்வின் வேலை காத்திருக்கிறது என்பதை அப்போது அவன் அறிந்திருக்க வழியில்லை.

தாய் பக்தி மிகுந்தவர். தந்தையோ கோவில் பக்கம் அதிகம் போகாதவர். சிறுவனுக்குக் குருவாக வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஆனால் தனக்கு அந்தத் தகுதி இல்லை என்ற அச்சமும் கூடவே இருந்தது. ஆகவே படிப்பை முடித்ததும் அரசாங்க வரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். புனிதர்களின் வரலாற்றில் வரி வசூலிப்பவர் என்றால் நமக்கு மத்தேயு நினைவுக்கு வருவார். லத்தாஸ்துவும் அந்த வரிசையில் ஒருவர்!

வேலை பார்த்த ஊரில் ஒரு நல்ல பெண்ணைச் சந்தித்து, அவரை மணம் செய்துகொள்ள விரும்பினார். வீட்டார் உடனே இசையவில்லை. 1855-ஆம் ஆண்டு அந்தப் பெண் நோயுற்று இறந்துபோனார். அதே ஆண்டில் கன்னியராக இருந்த அவருடைய சகோதரியும் இறந்தார். இரண்டு மரணங்களும் அவரை உலுக்கின. ஏற்கனவே வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்து ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று வந்தவர், 1857-இல் வேலையை விட்டுவிட்டுத் தோமினிக்கன் சபையில் சேர்ந்தார். ழான் ஜோசப் என்பது அங்கே அவர் பெற்ற பெயர்.

பயிற்சிக் காலத்தில் நோய் அவரை விடவில்லை. 1860-இல் சான் மக்சிமின் என்ற ஊரில் புனித மதலேன் மரியாளின் திருப்பண்டங்களை முத்தம் செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. பெரும் பாவியாக இருந்தவரிடமும் பெரும் புனிதராவதற்கான வித்து இருக்கிறது என்ற எண்ணம் அன்று அவர் மனத்தில் பதிந்தது. 1863 பெப்ருவரியில் குருப்பட்டம் பெற்றார்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் மாதம், சொந்த ஊர்ச் சிறையிலிருக்கும் பெண்களுக்கு ஞான ஒடுக்கம் கொடுக்கும்படி அவரை அனுப்பினார்கள். செப்டம்பர் 14 முதல் 18 வரை. ஏறத்தாழ 400 பெண்கள். களவு செய்தவர்கள் உண்டு. பெற்ற குழந்தையையே கொன்றவர்களும் உண்டு. மனத் தயக்கத்தோடுதான் உள்ளே போனார். எல்லோரும் தலையைக் குனிந்து கண்களைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தார்களாம். எத்தனையோ பேர் வந்து அவர்களுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இவர் எடுத்த எடுப்பிலேயே அவர்களைத் தம் அன்புச் சகோதரிகள் என்று அழைத்தார். குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது. சிறைக் கைதியின் நாளையும் மடத்துக் கன்னியரின் நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இருவரும் விடியுமுன் எழுகிறார்கள். இருவரும் ஒரே விதமான முரட்டு உடை உடுத்துகிறார்கள். எளிய உணவு, கடும் வேலை, பேச்சில்லாத நேரம், வெளியே போக முடியாத மதில். ஒருவர் அன்பினால் இதை ஏற்கிறார். மற்றவர் கட்டாயத்தினால் ஏற்கிறார். கட்டாயத்தை அன்பாக மாற்றிக்கொண்டால், இந்தச் சிறையறையே மடத்தின் அறையாகிவிடும் என்று அவர் விளக்கினார். (எங்கள் விடுதி மாணவிகள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். அவர்களுக்கும் விடியுமுன் மணி அடிக்கிறது!)

பெரும்பாலான பெண்கள் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். கடைசி இரவில் நற்கருணை ஆராதனை நடந்தது. பகல் முழுதும் வேலை செய்து களைத்தவர்கள், தூக்கத்தை விட்டுவிட்டு முறை வைத்து வந்து முழந்தாளிட்டார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த தந்தையின் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. இந்தப் பெண்கள் மனம் திரும்பியது உண்மைதான். ஆனால் தண்டனை முடிந்து கதவு திறக்கும் நாளில் எங்கே போவார்கள்?

தோழியரே, இந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பதை அறிய அக்காலப் பிரான்சைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கடுந்தண்டனை பெற்று வெளியே வந்தவர்களில் பலர் போலீசாரின் கண்காணிப்பில் வாழ வேண்டியிருந்தது. விரும்பிய ஊரில் குடியிருக்கக்கூட உரிமை இல்லை. 1862-இல் விக்தர் யூகோ எழுதிய பெருங்கதையில் ழான் வல்ழான் ஒவ்வொரு சத்திரமாகத் தட்டித் துரத்தப்படுவது இதைத்தான் காட்டுகிறது. அந்தக் கதைதான் தமிழில் 1950-இல் ‘ஏழை படும் பாடு’ என்ற படமாக வந்தது. நாகையா நடித்த அந்தப் படத்தைச் சிறு வயதில் பார்த்ததாக எங்கள் தாத்தா இப்போதும் சொல்வார். ஆணுக்கே இந்த நிலை என்றால், பெண்ணின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த வீடு சேர்க்காது. வேலைக்கு யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். முன்பு தவறு செய்யத் தூண்டியவர்கள் மட்டுமே சிரித்த முகத்தோடு வரவேற்பார்கள்.

அது அந்தக் காலம், அந்த நாடு என்று நான் எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் சென்ற ஆண்டு எங்கள் தெருவுக்கு ஓர் அக்கா தன் தாயுடன் வீடு தேடி வந்தார். எங்கள் வீட்டின் பின்பக்கப் பகுதி அப்போது காலியாக இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே, தாம் சிறையிலிருந்து வந்தவர் என்பதை அந்த அக்கா மறைக்காமல் சொல்லிவிட்டார். அப்பா மரியாதையாகவே பேசி, வீட்டை வேறொருவருக்குச் சொல்லிவிட்டதாகக் கூறி அனுப்பினார். அம்மா காபி கொடுத்தார். வாடகைக்கு விடப்படும் என்ற அட்டை எங்கள் வாசலில் இன்னும் இரண்டு மாதம் தொங்கியது. நானும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா கெட்டவர் அல்லர். வீட்டில் என்னையும் தங்கையையும் நினைத்துப் பயந்தார். இந்தக் கட்டுரையை முதலில் அவரிடம்தான் படிக்கக் கொடுத்தேன். இந்தப் பகுதியை எடுத்துவிட அவர் சொல்லவில்லை.

தந்தை லத்தாஸ்துவுக்கும் இத்தகைய நல்லவர்களின் பயத்தோடுதான் போராட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு மீண்டும் அதே சிறைக்குச் சென்றார். 1866-இல் ஒரு சிறு நூலை எழுதி வெளியிட்டார். மறுவாழ்வு பெற்ற பெண்கள் என்ற பொருளுடைய தலைப்பு அதற்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு கூரையும் ஒரு குடும்பமும் கொடுக்காவிட்டால், மனமாற்றத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பது அதன் சாரம்.

அவர் நினைத்த வீட்டின் அமைப்பு புதுமையானது. விடுதலையான பெண்களைத் தனியே வைத்து, கன்னியர் மேலிருந்து கவனிக்கும் இல்லங்கள் முன்பே இருந்தன. இவர் கேட்டது வேறு. ஒரு நாளும் தவறு செய்யாத பெண்களும், சிறையிலிருந்து வந்த பெண்களும் ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒரே உடையில் சகோதரிகளாக வாழ வேண்டும். எல்லாருக்கும் அது ஏற்றதல்ல என்பதையும் அவர் அறிந்திருந்தார். யாரையும் வற்புறுத்தவில்லை. துறவு வாழ்வை உண்மையாகவே விரும்பி வருபவருக்கு நீண்ட சோதனைக் காலம் உண்டு. ஆனால் அதைக் கடந்தபின் அவருடைய பழைய வாழ்வைப் பற்றி யாரும் பேசக்கூடாது. தெரிந்துகொள்ள முயலவும் கூடாது. யார் எங்கிருந்து வந்தவர் என்பது அந்த வீட்டில் காக்கப்படும் இரகசியம்.

இதற்கு அவர் வைத்த பெயர் பெத்தானியா. மார்த்தாளும் மரியாளும் ஒரே கூரையின் கீழ் வாழ, இயேசு நண்பராக வந்து போன ஊர் அது. அந்த மரியாளும் மதலேன் மரியாளும் ஒருவரே என்று அக்காலத்தில் எண்ணினார்கள். அவர்கள் வேறு வேறு ஆட்கள் என்பதை எங்கள் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் விளக்கியிருக்கிறார்கள். ஆனாலும் லத்தாஸ்து அந்தப் பெயருக்குள் கண்ட பொருள் அழகானது. குற்றமற்ற சகோதரியும் மன்னிப்புப் பெற்ற சகோதரியும் சேர்ந்து ஆண்டவருக்கு ஒரே வீட்டில் விருந்து வைக்கிறார்கள்.

1866 ஆகஸ்டு 14-ஆம் நாள், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தின நாள், கிழக்குப் பிரான்சில் பிரான் லெ ஷாத்தோ என்ற கிராமத்தில் முதல் பெத்தானியா இல்லம் தொடங்கியது. அன்னை ஆன்றி தோமினிக் என்பவர் தாம் இருந்த சபையை விட்டு வந்து அதன் தலைவியானார். இந்த அன்னையைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை என்பது எனக்கு வருத்தம். திட்டம் தந்தையுடையது, ஆனால் அடுப்பை மூட்டி, கதவைத் திறந்து, வந்தவர்களோடு இரவும் பகலும் வாழ்ந்தவர் அவர்தான்.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. தங்கள் சபையின் வெண்ணுடையை முன்னாள் கைதிகள் உடுத்துவதா, நாளை எங்களையும் அப்படித்தான் நினைக்க மாட்டார்களா என்று சபைக்குள்ளேயே சிலர் வருந்தினார்கள். தந்தையை அது மிகவும் நோகச் செய்தது.  வேறு உடை கொடுத்தால், வீட்டுக்குள்ளேயே மறுபடியும் ஒரு மதில் எழுந்துவிடும் அல்லவா?

அவருடைய உடல் தாங்கவில்லை. புனித சூசையப்பரைத் திருச்சபை முழுவதற்கும் பாதுகாவலராக அறிவிக்க வேண்டும் என்று திருத்தந்தை 9-ஆம் பத்திநாதருக்கு எழுதி, அதற்காகத் தம் உயிரையே காணிக்கையாக ஒப்புக்கொடுத்திருந்தார். 1869 மார்ச் 10-ஆம் நாள், சூசையப்பரின் மாதத்தில், 36 வயதில் இறந்தார். அவர் விரும்பிய அறிவிப்பு 1870 டிசம்பர் 8-இல் வெளிவந்தது. அவர் கண்ணால் பார்த்த பெத்தானியா மூன்று வயதுகூட நிறையாதது.

அது அவரோடு முடிந்துபோகவில்லை. 2012 ஜூன் 3-ஆம் நாள் பெசான்சோன் நகரில் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. பெத்தானியா சகோதரிகள் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் பிற நாடுகளிலும் வாழ்கிறார்கள். சிறைகளுக்குப் போய்ப் பெண்களைச் சந்திக்கிறார்கள். அவர்களுடைய சிற்றாலயத்தில் செபிக்கப் போகிறவர்கள், ஒரே வெண்ணுடையில் வரிசையாக நிற்கும் சகோதரிகளைப் பார்க்கிறார்கள். அவர்களில் சிறையிலிருந்து வந்தவர் எவர் என்று கேட்டால், அங்கே பதில் சொல்ல ஒருவரும் இல்லை.