நீசி த சில்வெய்ரா அம்மையார்

பிரேசில் தேசத்து மசெயோ நகரில் 1905-ஆம் ஆண்டு பிறந்தவர் நீசி த சில்வெய்ரா அம்மையார். ஆடவர் நிறைந்த மருத்துவ வகுப்பில் ஒரே பெண்மணியாய்ப் பயின்று, 1926-இல் பட்டம் பெற்றார். பொதுவுடைமை நூல்களை வைத்திருந்தமைக்காக 1936-இல் சிறை புகுந்தார். ஆதலின், அடைபட்டோர் துயரை நூல்வாயிலாகவன்றித் தம் வாழ்விலேயே அறிந்தவர் அவர்.

1944-இல் ரியோ தெ ஜனைரோ நகரின் மனநோய் மருத்துவமனையிற் பணியேற்றார். நோயாளர் தலையில் மின்சாரம் பாய்ச்சுவதும் மூளையை அறுப்பதும் அந்நாளில் அரிய சிகிச்சைகளெனப் போற்றப்பட்டன. அம்மையார் அவற்றைச் செய்ய மறுத்தார். ஏனையோர் இழிவாகக் கருதிய தொழிற்பயிற்சிப் பிரிவே அவருக்குக் கிடைத்தது.

1946-இல் அங்கே ஓவியக்கூடம் அமைத்து, அவர்கள் கையில் தூரிகையும் களிமண்ணும் கொடுத்தார். இன்னது வரைக என்று ஏவினாரல்லர். நோயாளர் என்று அழைக்கவும் விரும்பினாரல்லர். நாயும் பூனையும் அவருக்குத் துணை மருத்துவராயின. சொல்லால் உரைக்கவொண்ணாததை அம்மக்கள் வண்ணத்தால் உரைத்தனர். அவ்வோவியங்களைக் காக்க 1952-இல் ஒரு காட்சிசாலை எழுந்தது. 1957-இல் ஜூரிச் நகரில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டபோது, உளநூற் பேரறிஞர் யுங் அதனைத் திறந்துவைத்தார்.

அம்மையார் 1999-இல் மறைந்தார். சித்தம் கலங்கினும் மனிதன் தன்னை முற்றும் இழப்பதில்லை என்பதே அவர் வாழ்க்கை உணர்த்தும் உண்மையாம்.