பிணம் கிடைச்சாச்சு, அப்புறம்? ஸ்பெயின் துப்பறியும் கதைகளை மாற்றிய மொன்டல்பான் யார்?

ஒரு மர்ம மரணம். வாழ்க்கையில் அலுத்துப்போன ஒரு டிடெக்டிவ். கேஸைத் தோண்டத் தோண்ட வெளியே வரும் ஊர் ரகசியங்கள். ஓடிடி-யில் ஸ்பானிஷ் த்ரில்லர் பார்ப்பவர்களுக்கு இது பழகிய ரூட். அந்த ரூட்டை ஸ்பெயினில் அழுத்தமாகப் போட்டவர்களில் முக்கியமானவர், மானுவல் வாஸ்கெஸ் மொன்டல்பான்.

அப்பாவை 5 வயதில் பார்த்த மகன்

1939-ல் பார்சிலோனாவின் ராவல் பகுதியில் பிறந்தார். உள்நாட்டுப் போர் முடிந்து, ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் தொடங்கிய நேரம். போரில் தோற்ற தரப்பைச் சேர்ந்த அப்பா ஜெயிலில் இருந்தார். மகன் அவரை முதன்முதலில் பார்த்தபோது வயது 5. அம்மா துணி தைப்பவர்.

1962-ல் மகனுக்கும் அதே கதி. அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளர்களின் ஸ்ட்ரைக்கை ஆதரித்ததற்காக லெய்தா சிறைக்குப் போனார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. செய்தி ஊடகங்கள் யாருக்காக இயங்குகின்றன என்று ஒரு புத்தகமே எழுதினார்.

யார் இந்த கார்வாலோ?

1972-ல் அவர் உருவாக்கிய கேரக்டர்தான் பெப்பே கார்வாலோ. முன்னாள் கம்யூனிஸ்ட், முன்னாள் சிஐஏ ஆள், இப்போ பார்சிலோனாவில் பிரைவேட் டிடெக்டிவ். சமையலில் கில்லாடி. குளிர்காய அடுப்பு மூட்டணுமா? தன் அலமாரியில் இருந்தே ஒரு புத்தகத்தை உருவி எரிப்பார்! எதன் மீதும் நம்பிக்கை மிச்சமில்லாத ஒரு தலைமுறையின் முகம் அது.

ஏன் முக்கியம்?

1975-ல் ஃபிராங்கோ இறந்தார். ஜனநாயகம் வந்தது. பழசையெல்லாம் மறந்துடலாம் என்ற மனநிலையும் கூடவே வந்தது. மொன்டல்பான் மறக்க விடவில்லை.

1979-ல் வெளியான 'தென்கடல்கள்' நாவலைப் பாருங்கள். தென்கடல் தீவுகளுக்குப் போவதாகச் சொன்ன ஒரு பெரிய தொழிலதிபர், ஒரு வருஷம் கழித்து பார்சிலோனாவிலேயே பிணமாகக் கிடைக்கிறார். நடுவில் எங்கே இருந்தார்? ஃபிராங்கோ காலத்தில் அவரே கட்டி, லாபம் பார்த்த ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்! கொன்றவர் யார் என்பதை நாவலில் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வீடுகளைக் கட்டிச் சம்பாதித்தது யார், அதில் சிக்கிக்கொண்டது யார் என்ற கேள்விதான் கதையின் உயிர். இதற்கு ஸ்பெயினின் பிளானெட்டா விருது கிடைத்தது.

கடைசிப் பயணம்

1983-ல் கார்வாலோவை பாங்காக்குக்கு அனுப்பி ஒரு நாவல் எழுதியிருந்தார். 2003 அக்டோபர் 18 அன்று, ஊர் திரும்பும் வழியில், அதே பாங்காக்கின் விமான நிலையத்தில் மாரடைப்பால் இறந்தார். வயது 64.

இத்தாலி எழுத்தாளர் ஆண்ட்ரியா காமிலேரி தன் போலீஸ் ஹீரோவுக்கு மொன்டல்பானோ என்று பெயர் வைத்தது இவர் மீதான மரியாதையில்தான். பார்சிலோனா நகரம் கார்வாலோ பெயரில் க்ரைம் எழுத்தாளர்களுக்கு விருது தருகிறது.

எதிலிருந்து தொடங்கலாம்? ஆங்கிலத்தில் கிடைக்கும் 'தென்கடல்கள்' நல்ல சாய்ஸ்.