மருந்து விற்ற பணத்தில் சங்கீதம் தேடிய பண்டிதர்

ஆண்டிபட்டியில் பஸ் ஏறி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டிப் போனால் கம்பம் வரும். அங்கிருந்து சிறிது தூரத்தில் சுருளி மலை. ஆடி அமாவாசைக்கு அருவியில் குளித்து, முன்னோரை நினைத்து வழிபட்டு வருகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம்.

அந்த மலைக்கு ஓர் இளம் வாத்தியார் வந்தார். நூற்று நாற்பது வருஷங்களுக்கு மேல் ஆகிறது. அவர் வந்தது மூலிகை தேடி. பின்னாளில் அவர் தேடியது வேறு ஒன்று. நாம் பாடுகிற பாட்டின் கணக்கு எங்கே பிறந்தது என்று தேடினார். அந்தத் தேடலுக்குத் தம் கைப்பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தார்.

அவர்தான் ஆபிரகாம் பண்டிதர்.

வாத்தியாரும் பிடிலும்

பண்டிதர் 1859-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி சாம்பவர்வடகரையில் பிறந்தார். அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. இப்போது தென்காசி மாவட்டம். தகப்பனார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். கிறிஸ்தவக் குடும்பம்.

வாத்தியார் வேலைக்குப் படிக்கத் திண்டுக்கல் போனார். படித்து முடித்து அங்கேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். சும்மா இருக்கத் தெரியாத ஆள். புகைப்படம் எடுக்கக் கற்றுக் கொண்டார். அச்சு வேலை கற்றுக் கொண்டார். சடையாண்டி பத்தர் என்ற வித்துவானிடம் கர்நாடக சங்கீதம் கற்றார். பிடிலும் வாசித்தார். மேல்நாட்டுச் சங்கீதத்தையும் விட்டு வைக்கவில்லை.

பிடில் மேல்நாட்டிலிருந்து வந்த வாத்தியம் என்பது பலருக்கும் மறந்தே போய்விட்டது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியத்தைக் கேட்டு, பிடில் கற்று, அதில் நம் ராகங்களை வாசித்தவர். பிறகு அவர் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் ஆனார். இன்று பிடில் இல்லாமல் ஒரு கச்சேரி உண்டா? இப்படி ஒரு நாட்டின் சரக்கு இன்னொரு நாட்டுக்குப் போய், அங்கேயே பிறந்தது போல் ஆகிவிடுவது சங்கீதத்தில் சகஜம்.

சுருளி மலைச் சாமியார்

மருந்து மூலிகையில் பண்டிதருக்குச் சிறு வயதிலிருந்தே ஆசை. சுருளி மலையில் கருணானந்தர் என்ற சாமியார் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத் தேடிப் போனார். அவரிடம் சித்த வைத்தியம் கற்றார். அந்த குருவை அவர் கடைசி வரை மறக்கவில்லை. தம் மருந்துகளுக்குக் கருணானந்தர் பெயரை வைத்தார். தம் தோட்டத்துக்குக் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார். தம் நூலுக்கு வைத்த பெயரிலும் 'கருணை' உண்டு. கிறிஸ்தவர் ஒருவர் மலைச் சாமியாரைக் குருவாகக் கொண்டதைப் பண்டிதர் ஒரு முரணாக நினைத்ததாகத் தெரியவில்லை.

1882-ல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அந்த அம்மாளும் ஆசிரியை. இருவரும் தஞ்சாவூருக்குப் போய் ஒரே பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தார்கள். வீட்டில் மருந்து தயாரானது. 1890-ல் இருவரும் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் மருந்தில் இறங்கினார்கள்.

சம்பளத்தை நம்பிய குடும்பத்துக்கு அது துணிச்சலான காரியம். ஆனால், கை கொடுத்தது. கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் இலங்கை, பர்மா வரை விற்பனை ஆயின. பணம் கொட்டியது. தஞ்சாவூர் அருகே நிலம் வாங்கிக் கரும்பும் மற்றப் பயிர்களும் புதிய முறையில் விளைவித்தார். ஜனங்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றார்கள். 1909-ல் சர்க்கார் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

இத்தோடு நின்றிருந்தால் ஒரு பணக்கார வைத்தியரின் கதையாக முடிந்திருக்கும்.

எத்தனை சுருதி?

பண்டிதரின் மனதில் ஒரு கேள்வி உறுத்திக் கொண்டே இருந்தது. கீழ் 'ச'விலிருந்து மேல் 'ச' வரை எத்தனை சுருதி? வடமொழி நூல்கள் 22 என்றன. ஆனால், அந்த 22-ம் எந்தெந்த இடம் என்று கேட்டால் வித்துவான்கள் ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள்.

வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் பாருங்கள். கீழ் 'ச'விலிருந்து மேல் 'ச' வருவதற்குள் வெள்ளையும் கறுப்புமாகப் பன்னிரண்டு கட்டைகள். வீணையில் 24 மெட்டுகள். இரண்டு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாக அமைந்தவை. மேல்நாட்டு வாத்தியத்திலும் 12, நம் வீணையிலும் 12. அப்படியானால் 22 எங்கிருந்து வந்தது?

1892-ல் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையோடு அச்சிட்டிருந்தார். அதில் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களுக்கும் தமிழ்ப் பெயர் இருந்தது. மேஷம், ரிஷபம் முதலான பன்னிரண்டு ராசிகளை வட்டமாகப் போட்டு அதில் சுரங்களை நிறுத்தும் முறையும் இருந்தது. அதற்கு வட்டப்பாலை என்று பெயர். புலவர்கள் அதைக் கடினமான பகுதி என்று ஒதுக்கி விட்டார்கள். பண்டிதர் அதைப் பிடித்துக் கொண்டார். புலவருக்குச் சங்கீதம் தெரியாது, வித்துவானுக்குச் சிலப்பதிகாரம் தெரியாது. இவருக்கு இரண்டும் தெரியும். மேல்நாட்டுக் கணக்கும் தெரியும்.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். 'ச'வுக்குப் பொருத்தமான சுரம் 'ப'. அந்தப் 'ப'வை 'ச' ஆக வைத்து அதற்கு ஒரு 'ப' பிடியுங்கள். இப்படியே பன்னிரண்டு தடவை போனால் பன்னிரண்டு சுரமும் கிடைத்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஆனால் வராது! சரியாக 128-ல் முடிய வேண்டிய கணக்கு 129¾-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். முழம் போட்டுக் கயிறு அளந்து, கடைசியில் நாலு விரல் மிஞ்சுகிற மாதிரி.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்தது அல்ல. சீனாவிலும் இதே போல் 'ச-ப' முறையில் பன்னிரண்டு சுரம் கண்டார்கள். அங்கேயும் வட்டம் மூடவில்லை. மிங் அரச குடும்பத்தைச் சேர்ந்த சூ ஸாய்-யூ என்பவர் இதற்காகவே கணக்குப் போட்டு உட்கார்ந்தார். இளவரசுப் பட்டத்தையே வேண்டாம் என்று விட்டுப் படிப்பில் மூழ்கியவர் அவர். மிஞ்சியதைப் பன்னிரண்டு சுரங்களுக்கும் சமமாகப் பங்கு போட்டுவிடலாம் என்று 1584-ல் கணக்கோடு எழுதி முடித்தார். சிறிது காலத்துக்குள் ஐரோப்பாவில் ஸ்டெவின் என்பவரும் அதே வழியைச் சொன்னார். இன்றைய பியானோ அந்தச் சமமான பங்கில்தான் சுருதி கூட்டப்படுகிறது.

வட்டப்பாலை என்றால் வட்டம் மூடித்தானே ஆக வேண்டும் என்று பண்டிதர் வாதாடினார். பழந்தமிழர் பன்னிரண்டையும் சம அளவாகவே வைத்தார்கள், அதைப் பாதியாக்கினால் 24 சுருதி, 22 என்பது தவறு என்றார்.

பரோடா சபையில்

1912-ல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கினார். வித்துவான்களை அழைத்துத் தொடர்ந்து மாநாடுகள் நடத்தினார். செலவு அவருடையது. சென்னை மியூசிக் அகாதமி 1928-லும், தமிழ் இசைச் சங்கம் 1943-லும் தோன்றின என்பதை நினைத்தால், அவர் எத்தனை முந்திக் கொண்டார் என்பது விளங்கும்.

1916 மார்ச்சில் பரோடா மகாராஜா சாயாஜிராவின் ஆதரவில் அகில இந்திய சங்கீத மாநாடு நடந்தது. நாடெங்கும் உள்ள பண்டிதர்கள் கூடினார்கள். தேவல் என்பவரும் கிளமெண்ட்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியும் 22 சுருதிக் கட்சி. 22 சுருதியைக் காட்டுவதற்கென்றே தனியாக ஓர் ஆர்மோனியமும் வைத்திருந்தார்கள். தெற்கேயிருந்து போன மருந்துக்காரர் அவர்கள் எதிரே எழுந்து நின்று, அந்தக் கணக்குச் சரியில்லை என்றார்.

வெறும் பேச்சுக்குச் சபை மசியாது என்பது பண்டிதருக்குத் தெரியும். அதனால் தம் பெண்கள் மரகதவல்லி, கனகவல்லி இருவரையும் கூட அழைத்துப் போயிருந்தார். அந்தப் பெண்கள் சபையில் பாடியும் வீணை வாசித்தும் தகப்பனாரின் கட்சியைக் காட்டினார்கள். வீட்டுப் பெண்கள் சபை ஏறிப் பாடுவதை ஊர் குறைவாகப் பேசிய காலம் அது. என்னைக் கேட்டால், பண்டிதர் போட்ட கணக்கைவிட இது பெரிய துணிச்சல்.

சுருதிச் சண்டை பரோடாவில் தீர்ந்துவிடவில்லை. இன்றைக்கும் தீரவில்லை. பாடகர் கமகம் போட்டு அசைக்கும்போது சுரம் எந்தப் பெட்டியிலும் அடங்கி நிற்பதில்லை. அதனால் 24-ஐ ஒப்புக் கொள்ளாத வித்துவான்கள் பலர். ஆனால், சிலப்பதிகாரத்தில் ஒரு முழுச் சங்கீதக் கணக்கு இருக்கிறது என்று பண்டிதர் காட்டியதை அதன் பிறகு யாராலும் ஒதுக்க முடியவில்லை. விபுலானந்த அடிகள் 1947-ல் வெளியிட்ட யாழ் நூலும் அதே வட்டப்பாலையைத்தான் ஆராய்ந்தது.

1917-ல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேல்! அச்சிட்டது தஞ்சாவூரில் அவருடைய சொந்த அச்சகம். திண்டுக்கல்லில் கற்ற அச்சு வேலை வீண் போகவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 1919 ஆகஸ்டு 31-ந் தேதி, பண்டிதர் காலமானார். அறுபது வயது நிறைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் மகன் வரகுண பாண்டியன் யாழைப் பற்றி ஆராய்ந்து 'பாணர் கைவழி' என்ற நூலை 1950-ல் வெளியிட்டார்.